தோட்டத்துத் தண்ணீர்: ரோட்டரி, லயன்ஸ் பக்கம் போன அனுபவம் உண்டா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். மழை பெய்தால் லயத்துக் (தொழிலாளர் வரிசை வீடுகள்) குழாயில் தேத்தண்ணீர் நிறத்தில்தான் தண்ணீர் வருகிறது. குழாய் வாயில் அம்மா கட்டிய வெள்ளைத் துணி சாயங்காலத்துக்குள் பழுப்பாகிவிடும், அடியில் மண் வழவழவென்று நிற்கும். பொதுக் கழிவறையின் மலத்தொட்டியும் நிரம்பிக் கால்வாயில் வழிகிறது. நிர்வாகத்திடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

ரோட்டரி, லயன்ஸ் மாதிரி சேவைச் சங்கங்களை அணுகலாம் என்று யோசனை. ரோட்டரியின் உலக மானியத்துக்குத் திட்டச் செலவு குறைந்தது 30,000 அமெரிக்க டாலர் இருக்க வேண்டும், வெளிநாட்டுச் சங்கம் ஒன்றும் கூட்டுச் சேர வேண்டும். நமக்கு வேண்டியது வடிகட்டியும் தொட்டியும்தான், அவ்வளவு பெரிய தொகை எதற்கு? சிறிய திட்டங்களுக்கு ரோட்டரி கொடுக்கும் மாவட்ட மானியமே பொருந்தும் என்று நினைக்கிறேன். அதையும் சங்கத்தின் வழியாகத்தான் கேட்க முடியும்.

ஈப்போ, தைப்பிங் பக்கம் இந்தச் சங்கங்களில் யாராவது இருக்கிறீர்களா? நிலம் தோட்டத்துடையது என்பதால் அனுமதிக் கடிதத்தை முதலிலேயே கேட்பார்களா? அப்புறம், தண்ணீரைப் பரிசோதிக்க எங்கே கொடுப்பது? படம் எடுத்துவிட்டுப் போகிறவர்கள் வேண்டாம், வடிகட்டியின் மணலை யார் மாற்றுவது என்று கேட்கிறவர்கள்தான் வேண்டும். தனிச்செய்தியில் எழுதினாலும் சரி.