எழுத்து ரோல்பிளேயில் சண்டை: அடி விழுந்ததா இல்லையா, யார் சொல்வது?

வரப்புவீரன்:
டிஸ்கார்ட் அரட்டைத் தளத்தில், ஆளுக்கொரு கதாபாத்திரத்தை மாறி மாறி எழுதிக் கதை வளர்க்கும் ரோல்பிளேயில் நடக்கும் சண்டைகளைக் கவனித்தால், கதாபாத்திரங்கள் மோதுவதைவிட அவர்களை எழுதுபவர்கள் ஓஓசி (கதைக்கு வெளியே பேசும்) சேனலில் மோதுவதுதான் அதிகம். நடுவர் இல்லாத கபடி மாதிரி: தொட்டேன் என்கிறார் ஒருவர், தொடவே இல்லை என்கிறார் மற்றவர். இதற்கான அடிப்படை விதி பழையது. தாக்குபவர் முயற்சியை மட்டும் எழுதுவார், விளைவை எதிராளிதான் எழுதுவார்.

“செழியனின் வாள் மாறனின் தோளைப் பிளந்தது” என்பது ஆட்டோஹிட். மாறனை எழுதுபவருக்குச் செய்ய எதுவுமே மிச்சமில்லை. “செழியன் வலக்காலை முன்வைத்து, மாறனின் இடத்தோளைக் குறிவைத்து வாளை மேலிருந்து இறக்குகிறான், அந்த வேகத்தில் அவன் வலது விலா திறந்து கிடக்கிறது” என்று எழுதினால் எதிராளிக்கு மூன்று வழி கிடைக்கிறது: வாங்கலாம், பாதி வாங்கலாம், விலகலாம். எந்தக் கை, எந்தத் திசை, எந்த இடம், எவ்வளவு தூரம் என்ற நான்கும் இல்லாத தாக்குதல் செல்லாது என்றே பல சர்வர்களில் வைத்திருக்கிறார்கள். நான் ஐந்தாவதாக ஒன்று கேட்பேன்: அடிக்கும்போது தன் உடம்பில் எது பாதுகாப்பில்லாமல் போகிறது என்பது. அதை மறைப்பவர்தான் பின்னால் தகராறு செய்வார்.

வெள்ளிமீன்:
எல்லாம் சரி. ஆனால் விளைவை எதிராளி கையில் கொடுத்துவிட்டால் யாருக்குமே அடிபடாது! பத்துப் பதினைந்து போஸ்ட் ஓடியும் இரண்டு பேர் உடம்பிலும் ஒரு கீறல்கூட இல்லாத சண்டையை எல்லோரும் படித்திருப்போம். விலகுவதற்கு விலை இல்லாததுதான் காரணம்.

சரிசெய்ய எளிய வழி: சண்டை தொடங்கும் முன் ஆளுக்கு மூன்று முழு விலகல் என்று பேசிக்கொள்ளுங்கள். நான்காவது அடியை ஏதாவது ஒரு அளவில் வாங்கியே ஆக வேண்டும். எந்த அடியை வாங்குவது என்பது தற்காப்பவர் விருப்பம். அதனால் அவருக்கும் வருத்தம் இருக்காது. கூடவே ஒவ்வொரு விலகலும் எதையாவது இழக்க வைக்க வேண்டும்: இரண்டடி பின்னால் போவது, சமநிலை தவறுவது, கேடயம் கைநழுவுவது. சும்மா “லாவகமாக விலகினான்” என்று எழுதினால் அது விலகலே இல்லை, எதிராளி எழுதியதை அழிக்கும் ரப்பர்.

காயம் அடுத்த போஸ்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். தொடையில் குத்து வாங்கியவர் அடுத்த டர்னிலேயே கூரைமேல் தாவுகிறார் என்றால் அவர் அடியை வாங்கவே இல்லை என்று அர்த்தம்.

பகடைப்பித்தன்:
இந்தப் பஞ்சாயத்தெல்லாம் வேண்டாம் என்றுதான் டைஸ் இருக்கிறது. டைஸ் போட்டால் கதை செத்துவிடும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முதலில் உருட்டி, பிறகு எழுதினால் கதை சாகாது. எழுதிவிட்டு உருட்டுவதுதான் தப்பு. மூன்று பத்தி அழகாக எழுதிய வெட்டு 2 விழுந்து வீணானால் யாருக்கும் எரிச்சல் வரும்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இணைய ஆட்டத்தின் ரோல்பிளே ரெல்ம்களில் (சர்வர்களில்) ரோல் கட்டளை 1 முதல் 100 வரை ஓர் எண் தரும், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தெரியும். டிஸ்கார்டில் டைஸ் உருட்டித் தரும் பாட் (தானியங்கி நிரல்) வேண்டும், அதையும் பொதுச் சேனலில்தான் உருட்ட வேண்டும். “வீட்டில் உருட்டினேன், 19” என்பது செல்லாது.

உருட்டிய எண்ணோடு கூட்டும் போனஸைக் கொடுக்கும் முன் கணக்கைப் பாருங்கள். இருவரும் இருபது பக்க டைஸ் உருட்டி, பெரிய எண் வெல்லும் என்று வைத்தால், ஆளுக்கு 47.5 சதவீதம், மீதி 5 சமன். ஒருவருக்கு +2 கொடுத்தால் அவருக்கு 57.25, எதிராளிக்கு 38.25. +5 என்றால் 70க்கு 26.25. +5 கொடுத்துவிட்டு “சின்ன அனுகூலம்தானே” என்று சொல்லக்கூடாது.

பலர் கவனிக்காதது இன்னொன்று. உருட்டல்கள் கூடக்கூட, பலசாலிக்கே சாதகம் கூடும். +2 உள்ளவருக்குச் சமனை ஒதுக்கிவிட்டால் ஒரு வீச்சில் ஏறக்குறைய 60 சதவீதம். முதலில் மூன்று அடி விழவைப்பவர் வெற்றி என்றால் அது 68 ஆகிவிடும். புதியவர் பழைய ஆளோடு மோதினால் சண்டையைக் குறைந்த உருட்டல்களில் முடிப்பதுதான் நியாயம்.

வெற்றி, தோல்வி இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டுமென்றால் இரண்டு ஆறுபக்க டைஸைக் கூட்டுங்கள். 2010இல் வந்த அப்பாகலிப்ஸ் வேர்ல்ட் ஆட்டத்தின் முறை இது: 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி, 7 முதல் 9 வரை வெற்றியோடு ஒரு விலை, 6 அல்லது அதற்குக் கீழே சிக்கல். போனஸ் இல்லாமல் முழு வெற்றி 36இல் 6 தடவைதான். நடு விளைவும் சிக்கலும் தலா 15. அந்த நடு விளைவில்தான் எழுத நிறைய கிடைக்கும்.

நாழிகை:
டைஸோ இல்லையோ, ஒரு போஸ்ட் என்பது எத்தனை விநாடி என்று முதலிலேயே பேசுங்கள். மூன்று விநாடி நன்றாக வேலை செய்கிறது: ஒரு நகர்வு, ஒரு தாக்குதல், முந்தைய தாக்குதலுக்கு ஒரு தற்காப்பு. இதில் எட்டு வெட்டு, ஒரு குட்டிக்கரணம், ஒரு வசனம் எல்லாம் அடங்காது.

தூரத்தை மீட்டரில் எழுதுங்கள். 1983இல் டெனிஸ் டூலர் என்ற அமெரிக்கக் காவல்துறைப் பயிற்சியாளர் எழுதிய கட்டுரையில், கத்தியோடு ஓடிவருபவர் 21 அடியை, அதாவது சுமார் 6.4 மீட்டரை, ஏறக்குறைய 1.5 விநாடியில் கடந்துவிடுவார் என்று வரும். ஆகவே உறையில் துப்பாக்கி வைத்திருப்பவர் ஐந்து மீட்டரில் நிதானமாகக் குறிபார்ப்பதும் சரியில்லை, வாள்காரர் முப்பது மீட்டரை ஒரே டர்னில் தாண்டுவதும் சரியில்லை. தோட்டாவை விலகுபவர்களுக்கு: 9 எம்எம் தோட்டா விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும், பத்து மீட்டருக்கு அதற்கு ஒரு விநாடியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு போதும். மனிதன் கண்டு அசையவே கால் விநாடி ஆகும். மந்திரம் ஏதும் இல்லாத உலகம் என்றால் சத்தம் கேட்டு விலக முடியாது; சுடுபவரின் தோளும் கையும் திரும்புவதைப் பார்த்து முன்கூட்டியே நகரலாம்.

பெரிய மந்திரங்களுக்கு டி1 பாணி (டைஸ் இல்லாமல், முறைவைத்து எழுத்திலேயே மோதும் பாணி) ஆட்டக்காரர்கள் வைத்த விதி நல்லது. முந்தைய டர்ன்களில் வெளிப்படையாகத் தயார் செய்தால்தான் ஏவலாம். அதற்குள் எதிராளி குறுக்கிட்டால் தயாரிப்பு போச்சு. “நான் மனசுக்குள் ஏற்கெனவே தயார் செய்துவிட்டேன்” என்பதெல்லாம் வேண்டாம்.

வெள்ளிமீன்:
மறைவான நகர்வு கதைக்குத் தேவைப்படும் நேரமும் உண்டே, நாழிகை? பதுங்கல், விஷம், பொறி?

நாழிகை:
மாடரேட்டருக்கு முன்னமே தனிச்செய்தியில் அனுப்பி வையுங்கள். மாடரேட்டர் இல்லையென்றால் ஒரு வழி இருக்கிறது. “கதவுக்கு மேல் பதுங்கல் மயில்4371” என்று எழுதி அதன் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பை (வரியைத் திரும்பக் கண்டறிய முடியாத சரமாக மாற்றும் கணக்கு அது), அந்த 64 எழுத்துச் சரத்தை மட்டும், சேனலில் போடுங்கள். நேரம் வந்ததும் மூல வரியை வெளியிட்டால் யாரும் சரிபார்க்கலாம். கடைசியில் சேர்த்த அந்த எதேச்சையான துண்டு கட்டாயம். இல்லையென்றால் இருக்கிற நாலைந்து நகர்வுகளையும் எதிராளி தானே போட்டுப்பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். ஒரு இடைவெளி மாறினாலும் சரம் மாறும், அப்படியே நகலெடுத்து வையுங்கள்.

கூட்டத்தில்ஒருத்தி:
குழுச் சண்டை பற்றி யாரும் சொல்லவில்லை. அங்கே அநியாயம் நடப்பது கைவேகத்தால்தான். வேகமாகத் தட்டச்சு செய்பவர் மூன்று டர்ன் முடித்திருப்பார், வேலைக்குப் போய்விட்டு வந்தவரின் கதாபாத்திரம் சிலையாக நின்றுகொண்டிருக்கும். நான்கு பேர் வரை கண்டிப்பான வரிசை, ஒவ்வொருவருக்கும் 24 மணி நேரம், தாண்டினால் அந்தக் கதாபாத்திரம் தற்காப்பில் மட்டும் இருக்கும். தாண்டியதற்காகக் கொல்லக்கூடாது. நான்கு பேருக்கு மேல் போனால் பழைய மஷ் (எழுத்தாலேயே பலர் சேர்ந்து ஆடும் இணைய ஆட்டம்) வழக்கம் நன்றாக இருக்கிறது: உங்களுக்குப் பின் மூன்று பேர் எழுதிய பிறகு நீங்கள் மறுபடி எழுதலாம்.

ஒருவரை மூவர் சூழ்ந்தால், அவர் மூன்று அடிக்கும் தனித்தனியாகப் பதில் எழுதத் தேவையில்லை. ஒரு சுற்றுக்கு ஒன்றை முழுதாகத் தடுக்கலாம், மற்றவற்றில் குறைந்தது ஒன்று உரசும்.

டிஸ்கார்டில் சாதாரணக் கணக்குக்கு ஒரு செய்தி 2000 எழுத்து. சண்டையில் அதில் பாதிகூட வேண்டாம். எதிராளி பதில் போட்டபின் திருத்தக்கூடாது என்பதையும் எழுதி வையுங்கள். திருத்தினால் ‘திருத்தப்பட்டது’ என்ற அடையாளம் தெரியும், ஆனால் எதைத் திருத்தினார் என்று தெரியாது.

வரப்புவீரன்:
கடைசியாக, பந்தயம். முதல் வெட்டுக்கு முன்னமே ஓஓசியில் பேச வேண்டியது: தோற்றவர் சாவாரா, சிறைப்படுவாரா, ஊனமாவாரா, ஓடிப்போகலாமா? சாவுக்கு எழுதுபவரின் ஒப்புதல் வேண்டும். அதற்குப் பதிலாக, ஒப்புதல் மறுப்பவர் வேறு உருப்படியான இழப்பை ஏற்க வேண்டும். இதைச் சண்டையின் நடுவில் பேசினால் தோற்றுக்கொண்டிருப்பவர் ஒருபோதும் சம்மதிக்க மாட்டார். வெற்றி தோல்வியையே முன்கூட்டிப் பேசிவிட்டு எழுதுபவர்களும் உண்டு. என் கண்ணில் பட்ட நல்ல சண்டைகள் அப்படி எழுதியவைதான், பகடைப்பித்தன் கோபித்துக்கொள்ளட்டும்.

தகராறு வந்தால் ஆளுக்கு ஒரே ஒரு ஓஓசி செய்தி, அதிலும் தன் முந்தைய வரியை மேற்கோள் காட்டி. தீரவில்லையா, சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள் சொல்வதே முடிவு. அவரும் இல்லையென்றால் ஒரு டைஸ். பின்னோக்கித் திருத்துவதானால் கடைசி ஒரு போஸ்ட் மட்டும். அதற்கு மேல் போனால் மற்றவர்கள் எழுதியதும் சேர்ந்து அழியும்.

பகடைப்பித்தன்:
கோபமில்லை. அந்த டைஸையும் பொதுச் சேனலிலேயே உருட்டுங்கள்.