மனதுருகிய பிறகு கை என்ன செய்ய வேண்டும்?

வார்டு நர்ஸ்:

பைபிளில் லூக்கா 10-ல், கள்ளர் அடித்துப் போட்டுவிட்டுப் போன வழிப்போக்கனுக்கு உதவிய சமாரியனைப் பற்றிப் பேசினால் ‘மனதுருகி’ என்ற சொல்லிலேயே நின்றுவிடுகிறோம். அதற்குப் பின்னால் வரும் வினைச்சொற்களை எண்ணிப் பாருங்கள். கிட்ட வந்தான், எண்ணெய் வார்த்தான், காயம் கட்டினான், ஏற்றினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், பராமரித்தான், மறுநாள் பணமும் கொடுத்தான். அத்தனையும் வேலை.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களில் பலர் அந்த வேலைக்குத் தயாராக வருவதில்லை. முதலில் வீட்டாரிடம் நேரம் கேளுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு பேர், 10 முதல் 15 நிமிடம், அது போதும். சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் போகவே வேண்டாம். உள்ளே போகும் முன்னும் வந்த பின்னும் சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். ஸ்டூலில், அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். கட்டிலில் உட்கார்ந்தால் டிரிப் குழாயோ சிறுநீர்க் குழாயோ இழுபடும்.

ஆசையாகக் கொண்டுவந்ததை நர்ஸைக் கேட்காமல் ஊட்டாதீர்கள். ஆபரேஷனுக்காக வயிற்றைக் காலியாக வைத்திருப்பவருக்கு ஒரு வாய் கொடுத்தாலும் ஆபரேஷன் தள்ளிப்போகலாம். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவதில் கோளாறு இருந்தால், தண்ணீரே மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் முடியும்.

ஜெபம்: “ஜெபிக்கலாமா?” என்று கேளுங்கள். “இப்போ வேண்டாம்” என்றால் அதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். பர்த்திமேயு குருடன் என்பது பார்த்தாலே தெரியும். ஆனாலும் இயேசு அவனிடம், உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் குணமாக்கினார் (மாற்கு 10:51). ஜெபம் ஒரு நிமிடம், தாழ்ந்த குரலில். பக்கத்துக் கட்டிலிலும் ஒருவர் வலியோடு படுத்திருக்கிறார். “விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?” என்பதை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். இன்சுலினையோ வலிப்பு மருந்தையோ திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

முதலுதவிப் பயிற்சியாளர்:

நர்ஸ் அக்கா சொன்னதோடு ஒன்று. சமாரியன் காயத்தில் வார்த்த எண்ணெயும் திராட்சரசமும் அந்தக் காலத்து மருந்து. இன்று அதை அப்படியே செய்யக் கூடாது. சிறு காயம் என்றால் ஓடும் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து, விடாமல் 10 நிமிடம் அழுத்துங்கள். “நின்னுடுச்சா” என்று நடுவில் எடுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. உறைந்தது பிய்ந்து மறுபடி ஒழுகும். துணி நனைந்தால் அதன்மேல் இன்னொன்றை வையுங்கள்.

‘தன் வாகனத்தில் ஏற்றி’ என்பதிலும் கவனம் வேண்டும். விபத்தில் கழுத்திலோ முதுகிலோ அடி என்று சந்தேகம் இருந்தால், தீயோ வண்டியோ வந்து மோதும் அபாயம் இல்லாதவரை நகர்த்தாதீர்கள், ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. இரக்கத்தால் நடக்கும் கெடுதல்களில் முதலிடம் இதற்குத்தான் கொடுப்பேன்.

பல நாள் பட்டினி கிடந்தவருக்கு வயிறு முட்டப் போடுவதும் அப்படித்தான். உடம்பின் உப்புச்சத்துகள் சட்டென்று குறைந்து இதயம் தடுமாறும். கொஞ்சம் கொஞ்சமாக, மருத்துவர் பார்வையில் கொடுக்க வேண்டும்.

போதகர்:

துக்க வீட்டைப் பற்றி நான் சொல்கிறேன். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அதுவரை அவர்கள்மேல் குற்றமில்லை. வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. “கர்த்தருடைய சித்தம்”, “நல்லவர்களை ஆண்டவர் சீக்கிரம் கூப்பிடுவார்” இதெல்லாம் சொல்கிறவருக்கு நிம்மதி, கேட்கிறவருக்குக் கத்தி. இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரையே தவிர்ப்பதுதான் அவர்களுக்கு வலிக்கும்.

“எதாவது வேணும்னா சொல்லுங்க” என்றும் விடாதீர்கள். யோசித்துக் கேட்கும் பாரத்தை உடைந்துபோனவர் தலையிலேயே அது வைக்கிறது. “வியாழக்கிழமை பிள்ளைகளை நான் பள்ளியில் விடட்டுமா?” என்று நாளும் வேலையும் சொல்லிக் கேளுங்கள். முதல் வாரம் வீடு நிறைய ஆள். மூன்றாம் மாதம் யாரும் இருக்கமாட்டார்கள். டைரியில் 30-ஆம் நாள், 90-ஆம் நாள், இறந்தவரின் பிறந்தநாள், திருமண நாள், முதல் ஆண்டு நினைவு எல்லாவற்றையும் குறித்துவைத்து அன்றைக்குப் போன் பண்ணுங்கள்.

“நானும் போயிடணும்” என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். தற்கொலை எண்ணமா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. தனியே விடாமல் உடனே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

சபை டீக்கன்:

பணம் பற்றி யாரும் தொடவில்லையே, ஐயா! முதல் சபையிலேயே விதவைகளுக்கான அன்றாட உணவுப் பங்கீட்டில் ஒரு பிரிவினர் விடுபட்டு முறுமுறுப்பு வந்தது. அதற்காகவே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள் (அப்போஸ்தலர் 6). பவுலும் காணிக்கையைத் தனியாகச் சுமக்கவில்லை, குற்றச்சாட்டு வரக் கூடாதென்று கூட ஆள் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:20). ஆகவே எண்ணுவது இருவர், கையெழுத்து இருவர். கணக்கில் தொகை தெரியட்டும். வாங்கியவர் பெயர் இருவருக்கு மேல் தெரிய வேண்டாம்.

உதவி வாங்குகிறவரைப் போட்டோ எடுக்கவே வேண்டாம். கடன் கொடுத்தவன்கூட அடகு வாங்க வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும் என்கிறது உபாகமம் 24. கடன் வாங்கியவன் முகத்தைக் காப்பாற்றத்தான்.

சமாரியன் சத்திரக்காரனிடம் கொடுத்தது இரண்டு பணம், அதாவது இரண்டு வெள்ளிக்காசு. மத்தேயு 20-ன்படி ஒரு பணம் ஒரு நாள் கூலி, அப்படியானால் இரண்டு நாள் கூலி. அள்ளிக் கொட்டவில்லை, ‘மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவேன்’ என்று தொடர்பை விட்டுவைத்தான். நாங்களும் எத்தனை மாதத்துக்கு, எவ்வளவு என்று முதல் நாளே சொல்லிவிடுகிறோம். சொல்லாமல் தொடங்கி நடுவில் நிறுத்தினால் அந்தக் குடும்பம் வாடகை பாக்கியில் மாட்டிக்கொள்ளும். ‘கடனாக’ என்று கொடுப்பதும் சரிவராது. திருப்ப முடியாதவர் வெட்கப்பட்டு ஆலயத்துக்கே வராமல் போய்விடுவார்.

வார்டு நர்ஸ்:

டீக்கன் சொன்ன ரகசியம் ஜெபக் குறிப்புக்கும் பொருந்தும். “ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்” என்று தொடங்கி நோயின் பெயர், வார்டு எண், மருமகள் கவனிக்கவில்லை என்பதுவரை வாட்ஸ்அப்பில் போய்விடுகிறது. சம்பந்தப்பட்டவரைக் கேட்டு, அவர் ஒத்துக்கொண்ட வரிகளை மட்டும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், “நம் குழுவில் ஒருவர் சுகமில்லாமல் இருக்கிறார், ஜெபியுங்கள்” என்பதோடு சரி.