மறு: பிரேசல் வெர்ப் – ‘இடைச்சொல்வினை’ எனலாமா?

வணக்கம்.

> ‘சொற்றொடர் வினை’ பலருக்கும் பழகிவிட்டது, அதையே வைத்துக்கொள்வோம்.
> ‘கூட்டுவினை’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஆங்கிலத்தில் ‘கிவ் இன்’, ‘டர்ன் ஆஃப்’ போல வினையோடு ஒரு சிறுசொல் கூடி ஒருபொருள் தருவதைத்தான் பிரேசல் வெர்ப் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ப் பெயராக மேலே சொன்ன இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

கூட்டுவினை ஏற்கெனவே வேறொன்றின் பெயர். கண்டுபிடி, விட்டுக்கொடு, ஆணையிடு என வினையோடு வினையோ பெயரோ கூடி ஒருபொருள் தருவதை அப்படிச் சொல்கிறோம். பொருள் ஒன்றாகக் கலப்பதில் ஒற்றுமை உண்டு என்பது உண்மைதான். ‘கிவ் இன்’ புரியாத மாணவரிடம் ‘விட்டுக்கொடு’ என்பதைப் பிரித்துக் காட்டினால் முகம் தெளிந்துவிடும். ஆனால் ஆங்கிலத்தில் வந்து கூடுவது வினையுமில்லை, பெயருமில்லை. அப், ஆஃப், இன், அவுட் மாதிரி ஒரு சிறுசொல்.

‘சொற்றொடர் வினை’யோ ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தது. அந்த ஆங்கிலப் பெயரே பிந்தி வந்ததுதான். 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூலில் அதைப் பரப்பினார். சொல்லித் தந்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர் ஹென்றி பிராட்லி என்றும் குறித்தார். அதற்கு வெகுமுன்பே, 1755-இல், சாமுவேல் ஜான்சன் தம் அகராதி முன்னுரையில் இந்த வினைகளைப் பற்றிப் பேசிவிட்டார்: வினைக்குப் பின் ஒரு சிறுசொல் சேர்ந்து அதன் பொருளை மாற்றுகிறது, அயலாருக்கு மிகவும் கடினமான இடம் இது என்று. அவர் விளக்கம் தொடங்குவது ‘தொடரில்’ அன்று, அந்தச் சிறுசொல்லில். நாம் பெயர்க்க வேண்டியது ஜான்சன் கண்டதை.

அந்தச் சிறுசொல்லுக்குத் தமிழில் பெயர் இருக்கிறது: இடைச்சொல். பெயரோடும் வினையோடும் சேர்ந்து நடக்கும், தனக்கெனத் தனி இயல்பு இல்லாதது என்று தொல்காப்பியர் இலக்கணம் சொன்னார். இதை ஆங்கில ‘அப்’ மீது வைத்துப் பாருங்கள்.

ஹி ரேன் அப் எ ஹில்.
ஹி ரேன் அப் எ பில்.

பார்வைக்கு ஒரே அமைப்பு. முதலாவதில் ‘அப்’ மலையோடு சேர்கிறது: மலைமேல் ஓடினான். இரண்டாவதில் ‘ரேன்’ என்பதோடு சேர்கிறது: பாக்கி ஏற்றிவிட்டான். (நம் மொழியிலும் பாக்கி ‘ஏறுவது’ எனக்கு எப்போதும் வியப்பு.) ‘ரேன் த பில் அப்’ என்று பிரிக்கலாம், ‘ரேன் த ஹில் அப்’ என்று பிரித்தால் பிழை. பெயரோடும் வினையோடும் என்ற அந்த இரண்டு நிலைகளும் இங்கே கண்முன் நிற்கின்றன. அதனால்தான் ‘இடைச்சொல்வினை’ என்கிறேன். ‘இடைவினை’ என்று சுருக்க வேண்டாம். இலங்கையில் அது வேறு பொருளில் வழங்குகிறது.

உயர்நிலை மாணவர்கள் தடுக்கி விழுவதும் பிரிப்பதில்தான். ‘டர்ன் ஆஃப்’ என்பதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ‘இட்’ வந்தால் அது நடுவில்தான் நிற்க வேண்டும்: ‘டர்ன் இட் ஆஃப்’. ‘லுக் ஆஃப்டர்’ இதற்கு நேர்மாறு. ‘ஹிம்’ கடைசியில்தான் வரும். ஆகவே பிரியும் இடைச்சொல்வினை, பிரியா இடைச்சொல்வினை என இரண்டாக்கலாம். ‘புட் அப் வித்’ போல இரண்டு சிறுசொல் வந்தால் ஈரிடைச்சொல்வினை.

கருத்துச் சொல்லுங்கள்.

---

ஐயா, வணக்கம்.

சொல் பிடித்திருக்கிறது. உட்பிரிவில்தான் ஓர் இடறல். ‘த கார் ப்ரோக் டவுன்’ என்பதை எதில் சேர்ப்பீர்கள்? அங்கே செயப்படுபொருளே கிடையாது. நடுவில் வைக்க ஒன்றுமில்லாதபோது பிரியும், பிரியா என்ற கேள்வியே எழாது. பிரியா வகையில் போட்டால், ‘லுக் ஆஃப்டர்’ பிரியாததற்கும் இது பிரியாததற்கும் காரணம் ஒன்றென்று மாணவர் நினைத்துவிடுவார்.

---

அம்மா, நீங்கள் சொல்வது சரி. அந்த வகையை நான் யோசிக்கவில்லை. முதலில் செயப்படுபொருள் குன்றியது, குன்றாதது எனப் பிரிப்போம். பள்ளியில் படித்த பெயர்கள்தானே. குன்றாததன் கீழ் மட்டும் பிரியும், பிரியா. ‘ப்ரோக் டவுன்’ செயப்படுபொருள் குன்றிய இடைச்சொல்வினை. பெயர் நீளம்தான், ஆனாலும் அட்டவணையில் தலைப்பாக நின்றால் போதும். இந்த வரிசையில் திருத்தி நாளை மறுபடி அனுப்புகிறேன்.