பூமிக்குள்ள இருக்கறது குழம்பா, கல்லா? பொண்ணு கேட்ட கேள்வி

காவிரிக்கரையான்:
வணக்கம். பொண்ணு ஏழாவது படிக்கிறா. நேத்து நைட்டு ஹோம்வொர்க் பண்றப்ப பூமியோட உள்பக்கம் படம், அதுல மேன்டில், அதான் மேல்தோலுக்குக் கீழ இருக்கற பெரிய அடுக்கு, முழுசும் ஆரஞ்சு கலர். "அப்பா இது நெருப்புக் குழம்பா"ன்னா. ஆமாம்மா, பால் மேல ஆடை மாதிரி அதுக்கு மேல ப்ளேட், அதான் கண்டமும் கடலடியும் இருக்கற பெரிய பாறைத் துண்டுங்க, மிதக்குதுன்னு சொல்லிட்டேன், எனக்கு ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க. அப்புறம் யூடியூப்ல ஒருத்தர் மேன்டில் கெட்டிப் பாறைன்னு சொல்றார். கெட்டின்னா ப்ளேட் எப்படி நகரும்? அதுவும் இல்லாம யாருமே போய் பாக்காத எடத்துல என்ன இருக்குன்னு எப்படி இவ்ளோ உறுதியா சொல்றாங்க? பிள்ளைக்கு தப்பா சொல்லிட்டோமேன்னு உறுத்தலா இருக்கு.

பாறைத்தேடி:
யூடியூப்ல சொன்னதுதாங்க சரி. மேன்டில் கெட்டிப் பாறை. ஜியாலஜி படிக்க வர்ற பசங்கள்லயே பாதிப் பேர் குழம்புன்னுதான் நெனச்சுட்டு வர்றாங்க, அந்த ஆரஞ்சு கலர் படம் பண்ற வேலை.

கொல்லன் பட்டறையில இரும்பு பழுக்கறத பாத்திருப்பீங்க. செவசெவன்னு இருக்கும், உருகியிருக்காது, ஆனா சம்மட்டி அடிக்கு வளஞ்சு குடுக்கும். மேன்டிலும் அந்த நெலமைதான், என்ன, அடிக்கு பதிலா கோடிக்கணக்கான வருஷ அழுத்தம். வருஷத்துக்கு சில சென்டிமீட்டர் கணக்குல அது ஒழுகுது. தட்டினா கல்லு, காலம் குடுத்தா பாகு.

போய் பாக்கறது நடக்காத காரியம். ரஷ்யாவுல கோலாங்கற எடத்துல 1970ல தோண்ட ஆரம்பிச்சு 1989ல 12,262 மீட்டர் வரைக்கும் போனாங்க, அங்க 180 டிகிரி சூடு, அதுக்கு மேல முடியல. பூமியோட மையம் 6,371 கி.மீ. ஆழத்துல இருக்கு, இவங்க மேல்தோலையே தாண்டல.

அதனால நிலநடுக்க அலைகளத்தான் நம்பணும். அதுல ஒரு வகை, கயித்த பக்கவாட்டுல ஒதர்ற மாதிரி போற அலை, அது திரவத்துக்குள்ள போகாது. மேன்டில் பூரா அது ஜம்முனு போகுது, சுமார் 2,900 கி.மீ.ல நின்னுடுது. அப்ப அதுவரைக்கும் கெட்டி, அதுக்குக் கீழ திரவ இரும்பு. அந்தத் திரவத்துக்கு நடுவுலயும் ஒரு கெட்டி உருண்டை இருக்குன்னு கண்டுபுடிச்சவங்க டென்மார்க்க சேந்த இங்கே லேமன் (Inge Lehmann)னு ஒரு அம்மா. 1929ல நியூசிலாந்துல வந்த நிலநடுக்கத்தோட அலை, வரவே கூடாத எடத்துல லேசா வந்திருந்துச்சு. கம்ப்யூட்டர் கெடையாது, ஓட்ஸ் டப்பாவுல அட்டைகள அடுக்கி வெச்சு ஒவ்வொரு ஊரு பதிவையும் ஒப்பிட்டுப் பாத்து 1936ல எழுதினாங்க. எனக்கு இத நெனச்சாலே சிலிர்க்கும்.

நெய்தல்72:
ப்ளேட் நகர்றதுக்கு காரணம் சுலபம் சார். பால் கொதிக்கறப்ப கீழ இருந்து மேல சுத்தி வருமில்ல, அந்த சுழற்சி மேல இருக்கற ஆடைய தள்ளிட்டுப் போகுது. அவ்ளோதான்.

பாறைத்தேடி:
நெய்தல், சுழற்சி இருக்கறது உண்மை, ஆனா தள்ளறத விட இழுக்கறதுதான் பெரிய விஷயம். மொட்டமாடி கைப்பிடிச் சுவர்ல நனஞ்ச போர்வைய காயப்போடறோம், ஒரு பக்கம் கூடுதலா தொங்குச்சுன்னா என்னாகும்? தொங்கற கனமே மிச்சத்தையும் இழுத்துட்டு கீழ விழுந்துடும். கடலடி ப்ளேட் பழசாக ஆக குளுந்து கனமாகும், ஓரம் மேன்டிலுக்குள்ள சரியும், அந்த சரியற பகுதி பின்னாடி இருக்கறத இழுக்கும்.

சுமத்ரா பக்கம் நம்ம ப்ளேட் அப்படித்தான் கீழ போகுது. போறப்ப ஓரம் மாட்டிக்கிட்டு பல நூறு வருஷம் இறுகிக் கெடந்துட்டு 2004 டிசம்பர் 26ஆம் தேதி பிச்சுக்கிச்சு. சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்கு. நாகப்பட்டினத்துல கடல் உள்ள வந்ததுக்கு காரணம் அதுதான். ப்ளேட்டுங்கறது மேல்தோல் மட்டும்னு நெனச்சுக்காதீங்க, மேன்டிலோட மேல்பகுதியும் சேந்து சுமார் 100 கி.மீ. தடிமன்.

காவிரிக்கரையான்:
போர்வை உதாரணம் நல்லா புரிஞ்சுது, ரொம்ப நன்றி. ஆனா எல்லாம் கெட்டின்னா எரிமலையில வர்ற குழம்பு எங்க இருந்து வருது? அடுத்து அவ அதத்தான் கேப்பா.

பாறைத்தேடி:
அங்கங்க கொஞ்சம் கொஞ்சமா உருகறதுதான். குக்கர்ல பருப்பு வெந்துட்டு இருக்கறப்ப அவசரப்பட்டு வெயிட்ட தூக்கினா பொங்கிட்டு வருமில்ல, சூடு கூடல, அழுத்தம் கொறஞ்சது, அவ்ளோதான். நடுக்கடல்ல ரெண்டு ப்ளேட் விலகற எடத்துல மேன்டில் பாறை மேல ஏறும், அழுத்தம் கொறையும், உருகும். ப்ளேட் கீழ சரியற எடத்துல கத வேற, அது கூடவே கடல் தண்ணியையும் பாறைக்குள்ள அடக்கிட்டுப் போகும், தண்ணி சேந்தா பாறை கம்மி சூட்டுலயே உருகும். ஜாவா, சுமத்ரா எரிமலைங்க, அந்தமான்ல இருக்கற பாரன் (Barren) தீவு எல்லாம் இந்த வகை.

பல்லாவரத்தான்:
உள்ள போய் பாக்க முடியாதுதான், ஆனா உள்ள இருந்தது மேல வந்து நிக்குது. சென்னை பரங்கிமலை, பல்லாவரம் பாறை சார்னகைட், சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமியோட மேலோட்டுல நல்ல ஆழத்துல 700, 800 டிகிரி சூட்டுல உருவானது. மேல இருந்ததெல்லாம் தேஞ்சு போய் இன்னைக்கு வெளிய தெரியுது. இந்த ஊருக் கல்லுலதான் கொல்கத்தாவுல கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கோட கல்லறைய மூடியிருக்காங்க, அத ஆராஞ்சு 1893ல ஹாலண்டுங்கற புவியியலாளர் அவர் நெனவா வெச்ச பேருதான் சார்னகைட். பிள்ளைய கூட்டிட்டு வாங்க சார், லீவுல.

காவிரிக்கரையான்:
கண்டிப்பா வர்றோம். இன்னைக்கு காலையில போர்வைய வெச்சே அவளுக்கு காட்டிட்டேன், அப்பா நேத்து சொன்னது தப்புமான்னும் சொல்லிட்டேன். அந்தக் கல்ல பாத்தா எப்படி அடையாளம் தெரியும்?

பல்லாவரத்தான்:
வெயில் பட்டு பழுப்பான மேல்பக்கத்த பாக்காதீங்க, புதுசா ஒடஞ்ச முகத்த பாருங்க. கருப்பா, லேசா நீலம் கலந்து, எண்ணெய் தேச்ச மாதிரி இருக்கும். கையில வாங்கினா நெனச்சத விட கனமா இருக்கும், பிள்ளை கால்ல போட்டுக்காம பாத்துக்கங்க.