கோட்டுக்கு ஒரு சொல், அளவுக்கு ஒரு சொல்: அட்சக்கோடு, தீர்க்கக்கோடு குறித்து

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

ஆறாம் வகுப்புப் புவியியல் துணைநூலில், கிழக்கு மேற்காக ஓடும் அட்சக்கோடு, தெற்கு வடக்காக ஓடும் தீர்க்கக்கோடு ஆகியவற்றுக்கு மாற்றாக எச்சொற்களை இடலாம் என்று தொடங்கிய நம் மடல்வழி விவாதம், வடசொல்லா தமிழ்ச்சொல்லா என்னும் கேள்வியைச் சுற்றியே நடந்துவருகிறது. அதைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு. எனினும் அதற்கு முன்பாகத் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்று இருக்கிறது என்று கருதுகிறேன். உலக உருண்டையின்மேல் வரையப்படும் கோட்டையும், ஓர் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறது என்னும் கோண அளவையும் நாம் ஒரே சொல்லால் சுட்டிவருகிறோம். ‘சென்னையின் அட்சக்கோடு 13 பாகை’ என்று எழுதுகிறோம். பாகை என்பது கோணத்துக்கு உரியது. அந்தக் கோணம் புவியின் மையத்தில் அமைவது. மேற்பரப்பில் ஓடும் கோட்டைக் காட்டி அதற்கு இத்தனை பாகை என்றால், எதை எங்கிருந்து அளந்தார்கள் என்று மாணவர் கேட்பதற்கு முழு நியாயம் இருக்கிறது.

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும் ‘181 அட்சக்கோடுகள்’ என்னும் கணக்கே சான்று. பாகைக்கு ஒன்றாக வடக்கே 89, தெற்கே 89, நடுவில் ஒன்று என்று எண்ணினால் 179 கோடுகள்தாம் கிடைக்கின்றன. மீதி இரண்டும் 90 பாகை வடக்கு, 90 பாகை தெற்கு என்பவை. அவை துருவங்கள், வெறும் புள்ளிகள், அங்கே வரைவதற்குக் கோடு எதுவும் இல்லை. ஆயினும் அளவாகப் பார்த்தால் 90 பாகை என்பதில் பிழையே இல்லை, ஏனெனில் துருவத்தின் கோண விலக்கம் மெய்யாகவே 90 பாகைதான். அளவுக்குத் தனிச்சொல் இருந்திருந்தால் புள்ளியைக் கோடென்று எண்ணச் சொல்லும் நிலை நேர்ந்திருக்காது.

இனி இப்போது வழங்கும் சொற்களைப் பார்க்கலாம். அட்சம் என்பதும் நாம் அன்றாடம் ஆளும் அச்சு என்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. புவி தன் அச்சில் சுழல்கிறது என்று அடுத்த பக்கத்திலேயே படிக்கும் பிள்ளைக்கு இந்த உறவை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அட்சரேகையைப் பலர் ‘அட்சர ரேகை’ என்றே எழுதி எழுத்தோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். தீர்க்கம் என்றால் நீண்டது. இக்காலத் தமிழில் அது தீர்க்கமான முடிவு, தீர்க்க சுமங்கலி போன்ற சில வழக்குகளில்தான் வாழ்கிறது என்பதால், அதுவும் ஒரு பெயராக மட்டும் நிற்கிறதே தவிரப் பொருளை விளக்குவதில்லை.

ஈழத்தில் நெடுங்காலமாக வழங்கும் அகலாங்கு, நெட்டாங்கு என்னும் அளவுச் சொற்களை அப்படியே ஏற்கலாம் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அங்கே கோட்டுக்கு அகலக்கோடு, நெடுங்கோடு என்றும் வழங்குவதால், நான் கேட்கும் வேறுபாட்டுக்கு அந்த மரபில் இடமும் இருக்கிறது. என் தயக்கம் வேறு. அகலம், நீளம் என்னும் இந்தப் பெயரீடு, தாலமி போன்ற பழைய நிலநூலார் அறிந்திருந்த உலகம் கிழக்கு மேற்காக நீண்டும் வடக்கு தெற்காகக் குறுகியும் இருந்ததனால் பிறந்தது. கிழக்கு மேற்காகச் செல்லும் தொலைவு அவர்களுக்கு நீளம். வடக்கு தெற்காகச் செல்வது அகலம். இந்த வரலாறு தெரியாத பிள்ளை உருண்டையைப் பார்க்கிறது. அகலவாக்கில் கிடக்கும் கோடு அகலக்கோடு என்பது சரியாகப் பொருந்துகிறது. அடுத்த நொடியே, அகலாங்கு என்பது வடக்கு தெற்காக எண்ணும் அளவு என்று சொன்னால் அது திகைக்கும். ஈழத்து வாசகர்கள் பழகிய சொற்களை நாம் குறை சொல்ல வேண்டியதில்லை. புதிதாகக் கற்பிக்கத் தொடங்கும் இடத்தில் இந்தத் திகைப்பை நாமே வலியச் சென்று வாங்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

தமிழ் விக்கிப்பீடியாவில் நிலநிரைக்கோடு, நிலநேர்க்கோடு என்னும் இணை வழங்குகிறது. நிரை என்பது கணக்குப் பாடத்தில் அணியின் கிடைவரிசைக்குப் பழகிய சொல் ஆகையால் முதலாவது மிக நன்று. இரண்டாவதை நான் ஏற்க மாட்டேன். வடிவியலில் நேர்கோடு என்று ஒன்றைக் கற்ற அதே மாணவரிடம், துருவத்திலிருந்து துருவத்துக்கு வளைந்து செல்லும் அரைவட்டத்தை நேர்க்கோடு என்று சொல்வது, ஒரு ககர ஒற்றை நம்பி ஒரு பாடத்தையே ஒப்படைப்பதாகும். அன்றியும் நேரும் நிரையும் அருகருகே வந்தால், யாப்பு படித்தவர்களுக்கு அசைதான் நினைவுக்கு வரும். அதை வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று கொள்ளுங்கள்.

அளவுக்கான சொல்லைப் பற்றி என் முன்மொழிவு இது. சென்னையில் வீடோ மனையோ வாங்கியவர் எவரும் தம் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், சொத்து விவரத்தில் ‘கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி’ என்று எழுதியிருப்பதைக் காணலாம். தாம்பரத்திலும் அப்படித்தான், திருவொற்றியூரிலும் அப்படித்தான். பத்திர எழுத்தர்களின் கைப்பழக்கத்தில் வாழும் இந்த இரண்டு சொற்களும் நமக்கு வேண்டியதையே சொல்கின்றன: கிழக்கு மேற்கு வாட்டத்தில் எவ்வளவு, தெற்கு வடக்கு வாட்டத்தில் எவ்வளவு. மனைக்கு அடியில் அளக்கிறோம். புவிக்குப் பாகையில் அளக்கிறோம். ஆகவே தென்வடல் பாகை, கிழமேல் பாகை. சென்னையின் தென்வடல் பாகை ஏறத்தாழ 13 பாகை 5 கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு கலை) வடக்கு. கிழமேல் பாகை 80 பாகை 16 கலை கிழக்கு. புணர்த்தி எழுத விரும்புவோர் தென்வடற்பாகை, கிழமேற்பாகை என்று எழுதலாம். ஆறாம் வகுப்புக்குப் பிரித்து எழுதுவதே நல்லது என்பது என் எண்ணம்.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பை நானே முன்வைத்துவிடுகிறேன். கிழமேல் வீதி என்றால் கிழக்கு மேற்காக ஓடும் வீதி. அப்படியானால் கிழமேல் கோடு என்பது கிழக்கு மேற்காக ஓடும் கோட்டை, அதாவது அட்சக்கோட்டை அல்லவா குறிக்கும், கிழமேல் பாகையோ தீர்க்கக்கோட்டோடு சேர்ந்தது ஆயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். அதனாலேயே இவ்விரு சொற்களையும் பாகையோடு மட்டும் சேர்க்க வேண்டும், கோட்டோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது என்கிறேன். மேலும், இது சொல்லின் குறை என்று எனக்குத் தோன்றவில்லை. பொருளின் இயல்பே அதுதான். கிழக்கு மேற்காக ஓடும் கோட்டின்மேல் எங்கே நின்றாலும் மாறாதிருப்பது தென்வடல் அளவு. தெற்கு வடக்காக ஓடும் கோட்டின்மேல் மாறாதிருப்பது கிழமேல் அளவு. இந்த முரணைத்தான் ஆசிரியர் வகுப்பில் விளக்க வேண்டியிருக்கிறது. அட்சம் என்றும் தீர்க்கம் என்றும் சொல்லும்போது அந்த முரண் மறைந்து கிடக்கிறது. இங்கே அது வெளிப்படையாக நிற்கிறது.

கோட்டுக்கான சொற்களில், கிடைக்கோட்டுக்கு நிரைக்கோடு போதும். ‘நில’ என்னும் முன்னொட்டு பாடநூலுக்குள் தேவையில்லை. மற்றதற்குச் சென்ற மடலில் ஒருவர் முன்வைத்த உச்சிக்கோடு என்பதை நான் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். அவர் ஒரு வரியில் சொல்லிச் சென்றதைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

வடதுருவத்திலிருந்து தென்துருவம் வரை செல்லும் இந்த அரைவட்டம் ஒன்றின்மேல் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் கதிரவன் ஒரே நொடியில் உச்சிக்கு வருகிறான். கான்பூர் சென்னையிலிருந்து 13 பாகைக்கு மேல் வடக்கே இருக்கிறது. வெயிலும் குளிரும் வேறு. ஆயினும் அதன் கிழமேல் பாகை ஏறத்தாழ 80 பாகை 20 கலை என்பதால், இரண்டு ஊர்களிலும் உச்சிப்பொழுது சில நொடி வேறுபாட்டில் வந்துவிடுகிறது. பெங்களூரோ சென்னையின் நிரைக்கோட்டை ஒட்டியே, ஏறத்தாழ 13 பாகையில், மேற்கே இருக்கிறது; அங்கே உச்சிப்பொழுது சென்னைக்குப் பின் 10, 11 நிமிடம் கழித்தே வருகிறது. இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளையும் அருகருகே வைத்தால் உச்சிக்கோடு எதைச் செய்கிறது, நிரைக்கோடு எதைச் செய்யவில்லை என்பது விளங்கிவிடும். உருண்டையைப் பார்க்கும் பிள்ளை, கோடுகள் உச்சியில் சென்று கூடுவதால் இப்பெயர் வந்தது என்று எண்ணிக்கொண்டாலும் கேடில்லை. இரண்டு வழியிலும் அது சுட்டுவது அதே கோட்டைத்தான்.

உச்சிப்பொழுது என்றால் பகல் 12 மணி என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வார்களே என்று ஆசிரியர் அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார். நினைக்கட்டும், அந்த நினைப்பைத் திருத்துவதே ஒரு நல்ல பாடம். இந்தியத் திட்ட நேரம் 82 பாகை 30 கலைக்கு உரிய உச்சிக்கோட்டைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. சென்னை அதற்கு இரண்டே கால் பாகை அளவுக்கு மேற்கே இருப்பதால், சராசரியாக இங்கே கதிரவன் உச்சிக்கு வருவது 12 மணி 9 நிமிடத்துக்கு. ஆண்டு முழுவதும் அதே நிமிடம் நிலைப்பதும் இல்லை. பிப்ரவரி நடுவில் 12.23 அளவிலும், நவம்பர் தொடக்கத்தில் 12 ஆவதற்கு முன்பும் உச்சி வந்துவிடும். பள்ளி மைதானத்தில் ஒரு கோலை நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் குறித்துக்கொண்டாலே இது தெரியும். ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் அதே கோலுக்கு உச்சிப்பொழுதில் நிழலே இராது. அந்த நிழலில்லா நாள்களில் கதிரவன் நேர் தலைக்குமேல் நிற்பதும் சென்னையின் தென்வடல் பாகை 13 என்பதும் ஒரே செய்தியின் இரு முகங்கள்.

இந்த ஊருக்கே சொந்தமான நேரம் ஒன்று முன்பு இருந்தது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டப்பட்ட வானாய்வுக்கூடத்தின் உச்சிக்கோட்டைக் கொண்டு கணித்த ‘மெட்ராஸ் நேரம்’, 0 பாகையிலுள்ள கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் நின்றது. இந்திய ரயில்வே நெடுநாள் அதைக் கொண்டே வண்டிகளை ஓட்டியது. 1906-இல் இந்தியத் திட்ட நேரம் வந்தபோது அது வழக்கிழக்கத் தொடங்கியது. இதே நகரின் பரங்கிமலைக்கு அருகில்தான் நில அளவையாளர் லாம்டன் 1802-இல் தம் அளவைப் பணிக்கு அடிப்படையான அடிக்கோட்டை அளந்தார் என்பதும், ஒரு பாகைக்கு நிலத்தில் எவ்வளவு நீளம் என்று காண்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று என்பதும் துணைநூலில் ஒரு பெட்டிச் செய்தியாக வரத் தகுந்தவை.

மெட்ராஸ் நேரத்தின் கணக்கு இன்னொரு சொல்லுக்கு இட்டுச் செல்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று நேரக் கணக்கில் சொல்லிவிட்டு, ஒரு பாகைக்கு 60 நிமிடம் என்று கோணக் கணக்கிலும் சொல்கிறோம். இரண்டு வாக்கியங்களும் ஒரே பக்கத்தில் வருகின்றன. மாணவர் தேர்வில் தவறு செய்தால் குற்றம் யாருடையது? கோணத்தின் அறுபதில் ஒரு பங்குக்குக் கலை என்றும், அதன் அறுபதில் ஒரு பங்குக்கு விகலை என்றும் நம் பழைய கணித மரபில் சொற்கள் ஆயத்தமாக இருக்கின்றன. அந்த வானாய்வுக்கூடத்தின் 80 பாகை 15 கலையை நான்கால் பெருக்கினால் 321 நிமிடம், அதாவது 5 மணி 21 நிமிடம் என்று எழுதிப் பாருங்கள். எது கோணம், எது நேரம் என்று ஐயமே எழாது. இதில் புதிதாக ஆக்குவதற்கு ஒன்றுமில்லை, மீட்டெடுப்பது மட்டும்தான் வேலை.

உலக உருண்டை, புவிக்கோளம், புவி மாதிரி ஆகியவற்றில் எதை இடுவது என்பதை நீட்ட வேண்டியதில்லை. பிள்ளைகள் சொல்வது உலக உருண்டை, அதுவே இருக்கட்டும். வரைபடம் என்பது கணக்குப் பாடத்தின் கோட்டுப்படத்தையும் குறிப்பதால் நிலவரைபடம் என்று முழுமையாக எழுதுவது பாதுகாப்பு. ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன்: உச்சிக்கோடுகளை முதலில் உருண்டையில் காட்டிவிட்டுத்தான் சுவரிலுள்ள நிலவரைபடத்துக்கு வர வேண்டும். உருண்டையைத் தட்டையாக விரித்துக் காட்டும் மெர்கேட்டர் முறைப் படத்தில் அவை ஒன்றையொன்று சந்திக்காமல் இணையாக நிற்கின்றன. அங்கே முதலில் பார்த்த பிள்ளைக்கு, நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. அளவில் இருக்கும் ஒரு பாகை இடைவெளி 60 பாகை வடக்கில் பாதியாகக் குறைகிறது என்பதை நம்ப வைப்பது கடினம்.

கடைசியாக, 180 பாகைக்குரிய கோட்டைப் ‘பன்னாட்டு உச்சிக்கோடு’ என்று சொல்லலாம் என்ற யோசனை. இதை மட்டும் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நாள் மாறும் கோடு 180 பாகையைத் தழுவிச் சென்றாலும் அதனோடு ஒன்றாவதில்லை. நாடுகளின் வசதிக்காக அங்கங்கே வளைகிறது. பசிபிக் தீவு நாடான கிரிபாட்டி 1995 தொடக்கத்தில் தன் தீவுகள் அனைத்துக்கும் ஒரே தேதி இருக்கும்படி அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டது. சமோவா 2011-இல் டிசம்பர் 30 என்னும் நாளையே விட்டுவிட்டு அக்கோட்டின் மறுபக்கம் சென்றது. உச்சிக்கோட்டை எந்த அரசும் நகர்த்த முடியாது. எனவே 180 பாகைக்குரியதை 180 பாகை உச்சிக்கோடு என்றும், வளைந்து செல்வதைப் பாடநூலில் உள்ளபடியே பன்னாட்டுத் தேதிக்கோடு என்றும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. மாற்றுக் கருத்து உடையோர், குறிப்பாக வகுப்பறையில் இச்சொற்களைச் சொல்லிப் பார்க்க வாய்ப்புள்ள ஆசிரியர்கள், எழுத வேண்டுகிறேன்.