சனிக்கிழமை ஆட்டத்துக்கு யார் யார்?

முரளி: ஐஸ் ஹாக்கி டிக்கெட்டை இன்றிரவு 9 மணிக்குள் எடுக்க வேண்டும். எத்தனை பேர்? நாம் போய்க் கத்தினால்தான் நம் அணி ஜெயிக்கும்.

கீதா அத்தை: நானும் மாமாவும். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன்.

சுந்தரம் பெரியப்பா: கத்தினால் ஜெயித்துவிடுமா? வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் உள்ளூர் அணி நூற்றுக்கு ஏறக்குறைய 55 ஆட்டங்களில்தான் ஜெயிக்கிறது. அதிலும் கூச்சலுக்கு எவ்வளவு பங்கு? ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும்போது வெளியூர் அணிதான் முதலில் ஆட்களை இறக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு உள்ளூர் பயிற்சியாளர் தன் ஆட்களை இறக்குவார். எதிரணியின் நட்சத்திரத்துக்கு எதிரே தன் சிறந்த தடுப்பாளரை நிறுத்தலாம். இது விதி. அரங்கம் காலியாக இருந்தாலும் உண்டு.

வித்யா: பெரியப்பா, மூச்சு விடுங்கள்.

சித்தப்பா: 2011.

வித்யா: ஐயோ, மறுபடியுமா!

சுந்தரம் பெரியப்பா: அது வேறு கதை.

சித்தப்பா: என்ன வேறு கதை? வான்கூவர், இறுதிப்போட்டியின் 7ஆவது ஆட்டம், சொந்த அரங்கம். "கூட்டமே ஜெயிக்க வைத்துவிடும்" என்று என்னை 3 டிக்கெட் எடுக்க வைத்தது யார்? பாஸ்டன் 4–0. என் தொண்டை போனதுதான் மிச்சம். உன் டிக்கெட் பணம் இன்னும் வரவில்லை அண்ணா.

முரளி: எத்தனை பேர்???

சுந்தரம் பெரியப்பா: அன்றைக்குப் பிறகுதான் இதையெல்லாம் படித்தேன். கூச்சல் வீண் இல்லை. அது போய்ச் சேருவது நடுவரின் காதில். 2002இல் வெளியான ஆய்வில், கால்பந்து நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் ஒளிப்பதிவைக் காட்டினார்கள். சிலருக்கு ஒலியோடு, சிலருக்கு ஒலியில்லாமல். கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டவர்கள் உள்ளூர் அணிமீது குறைவாகவே ஃபவுல் கொடுத்தார்கள். ஹாக்கியில் ஒருவரை 2 நிமிடம் வெளியே உட்காரவைத்தால், 5 பேரை 4 பேர் சமாளிக்க வேண்டும். ஆகவே கோல் விழும்போது கத்திப் பயனில்லை. நம் ஆள் தடுக்கி விழும்போது கத்துங்கள்.

வித்யா: 2020இல் எட்மன்டனில் ஆளில்லாத அரங்கில் ஒலிபெருக்கியில் கூச்சல் போட்டார்களே, அது யார் காதுக்கு?

சித்தப்பா: அண்ணனைப் போலத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு.

கீதா அத்தை: அம்மா வருகிறார்களாம். சத்தம் அதிகமானால் காதுக் கருவியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வார்களாம். சுந்தரம் அண்ணன் பக்கத்தில் இருக்கை என்றால் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்களாம்.

முரளி: அப்படியானால் 6 பேரா, 7 பேரா?

சித்தப்பா: என் பணம் வந்தால் 7.

முரளி: மணி 8.40.

வித்யா: கொஞ்சம் பொறு. பெரியப்பா இன்னும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்.