டெய்லர் பனியாற்றுக்கு அந்தப் பெயர் வந்தது எப்படி?

கேள்வி:
அண்டார்க்டிகாவின் விக்டோரியா நிலத்திலுள்ள டெய்லர் பனியாற்றை, பிரிட்டிஷ் ஆய்வுப் பயணி ராபர்ட் ஸ்காட் தலைமையில் 1901–04 ஆண்டுகளில் சென்ற டிஸ்கவரி குழுவினரே கண்டுவிட்டதாகப் படித்தேன். ஆனால் அது கிரிபித் டெய்லரின் பெயரால் வழங்குகிறது. அவரோ அதே ஸ்காட்டின் தலைமையில் 1910இல் புறப்பட்ட டெர்ரா நோவா குழுவின் நிலவியலாளர். முதலில் கண்டவர்கள் இருக்க, பின்னால் வந்தவருக்குப் பெயர் போனது ஏன்?

மறுமொழி 1:
டிஸ்கவரி குழுவினர் கண்டது உண்மைதான். ஆனால் அதைத் தனிப் பனியாறு என்று அவர்கள் எண்ணவில்லை. பீடபூமியிலிருந்து இறங்கும் மேற்பகுதியையும் கடலை நோக்கிச் செல்லும் கீழ்ப்பகுதியையும் ஒன்றாகவே கொண்டு, தங்கள் நிலவியலாளர் ஹார்ட்லி பெராரின் பெயரால் முழுவதையும் பெரார் பனியாறு என்றனர். 1911இன் தொடக்கத்தில் டெய்லர் தலைமையில் அங்கு ஆய்வு செய்த குழுதான், அவை இரு வேறு பனியாறுகள் என்பதையும், நாப்ஹெட் மலையருகே ஒட்டிப் பிறந்த இரட்டையரைப் போல விலாவோடு விலா சேர்ந்திருக்கின்றன என்பதையும் கண்டறிந்தது. மேலிருந்து வருவது குக்ரி குன்றுகளுக்கு வடக்கே திரும்பிப் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. அதற்கு டெய்லரின் பெயரைச் சூட்டியவர் ஸ்காட். ஆகவே இது கண்டதற்காக அன்று, பிரித்தறிந்ததற்காகக் கிடைத்த பெயர் என்பேன்.

மறுமொழி 2:
குக்ரி குன்றுகள் என்ற பெயரையும் கவனியுங்கள். கூர்க்கா வீரர்களின் வளைந்த கத்தியைப் போன்ற வடிவத்தால் அப்பெயர் வந்திருக்க வேண்டும். பனியாற்றின் நுனியில், போனி ஏரிக்கு மேலே, செந்நிறக் கறையாக வழியும் இரத்த அருவியை 1911இல் கண்டவரும் டெய்லரே. அந்தச் சிவப்பு பாசியால் வந்தது என்றே முதலில் கருதினர். உண்மையில், பனிக்கு அடியிலுள்ள இரும்புச் சத்து மிக்க உப்புநீர் வெளியே வந்து காற்றுப் பட்டதும் துருவாக மாறுகிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் பெராரின் பெயர் நீக்கப்பட்டுவிட்டதா?

மறுமொழி 1:
இல்லை. நியூ ஹார்பரில் கடலைத் தொடும் கீழ்ப்பகுதி இன்றும் பெரார் பனியாறுதான். டெய்லர் பனியாறு ஏறத்தாழ 54 கிலோமீட்டர் ஓடியும் கடலை எட்டாமல், போனி ஏரிக்கரையிலேயே நின்றுவிடுகிறது.